மூன்று வினாடி

காலை எட்டரைக்குப் பட்டியல் ஒட்டினார்கள்.
பதினான்காம் ஆட்டத்தில்
நாங்களும் தேவகோட்டையும் ஒரே பக்கம்.
இருபத்தொன்றில் எதிர்ப்பக்கம்.
இடையில் இரண்டு மணி நேரம் என்று
விரல்விட்டு எண்ணினாள் ஹசீனா.
"கூட்டாளியா இருக்க இவ்வளவு போதும்."

காரைக்குடியில் கல்லூரி அரங்கம்.
மின்விசிறிகள் சத்தம் மட்டும் போட்டன.
தேவகோட்டைக்காரர்கள் தங்கள் வண்டியைப்
பழைய கட்டில் விரிப்பில் முடிந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்கள்.
பந்தை மேலேற்றும் பெல்ட்
புதுவயல் அரிசி ஆலை கழித்துப் போட்டது,
இடுக்கில் இன்னும் தவிடு.
நான் சிரிக்கவில்லை.
சிரிக்காதது அவர்களுக்குத் தெரியும்படி
சிரிக்கவில்லை.

உமையாள் பேச்சை வளர்க்கவில்லை.
தரையில் சம்மணமிட்டு
சாக்பீஸால் களத்தை வரைந்தாள்.
எங்கள் பாதை சிவப்பு, அவர்களுடையது வெள்ளை.
நடுக் கம்பத்தருகே இரண்டும் வெட்டிக்கொண்டன.
"எங்களுக்கு இடது சக்கரம் வழுக்கும்.
வளைவுல ஒரு சாண் தள்ளித்தான் போகும்.
நீங்க மூணு வினாடி நின்னு கிளம்புங்க,
அதுக்குள்ள நாங்க கடந்துருவோம்."

கேட்காமலே சொன்னாள்.
நாங்கள் என்ன சொன்னோம்?
ஐந்து பந்து போடுவோம் என்றோம்.
முந்தின நாள் இரவு வரை மூன்றைத் தாண்டியதில்லை.
அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முதல் பதினைந்து வினாடி யாரும் தொடக் கூடாது.
வண்டி தனக்குத் தெரிந்ததைச் செய்யும்,
அதாவது நாம் எழுதியதை,
அதாவது நாம்
உண்மையில் எழுதியதை.

மூன்றை அழித்து ஒன்று என்று போட்டேன்.
காரணம் இருந்தது: போன வருடம்
இப்படித்தான் ஒரு பள்ளிக்காக நின்றோம்,
அவர்கள் வண்டி அசையவே இல்லை.
ஒற்றை எண்.
ஹசீனாவிடம்கூடச் சொல்லவில்லை.

விசில்.
வெள்ளைக் கோடு மனசுக்குள் இருந்ததுபோல
தேவகோட்டை வண்டி கிளம்பியது.
சொன்ன வளைவில்
சொன்ன ஒரு சாண் வழுக்கியது.
அவர்களுடைய குறைகூட
வாக்குத் தவறவில்லை.

எங்களுடையது போய் விலாவில் இடித்தது.
கழன்று தொங்கியது எங்கள் கை.
களம் முழுக்கத் தவிடு.
பதினெட்டுக்கு அறுபத்திரண்டு.

உமையாள்தான் முதலில் ஓடிவந்தாள்.
"எங்க சக்கரம்தான், கூடுதலா வழுக்கிருச்சு போல.
மன்னிச்சிருங்க.
உங்களுக்குத் திருகாணி வேணுமா?"
நாலு கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.
உள்ளங்கை வியர்வையில்
நாலும் இரும்பு வாசம் அடித்தன.

சாப்பாட்டு நேரத்தில் ஹசீனா குரலைத் தாழ்த்தினாள்:
"இடது சக்கரம்னு அவளே சொல்லிட்டா.
வளைவுல லேசா ஒரு தட்டு தட்டினா போதும்."
அப்போதுதான் சொன்னேன், ஒன்று என்று.
அவள் எலுமிச்சை சாதப் பொட்டலத்தை
அப்படியே மடித்தாள்.
"போ," என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

மடிக்கணினியைத் திறந்தபடியே போனேன்,
மூடினால் திரும்பிவிடுவேன் என்ற பயத்தில்.
அந்த வரியைக் காட்டினேன்.
உமையாள் இரண்டு முறை படித்தாள்.
அழுவாள், திட்டுவாள்,
இல்லை பரவாயில்லை என்பாள் என்று
மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"ரெண்டு வச்சிருந்தாக்கூட
தப்பிச்சிருக்கலாம்," என்றாள்,
கணக்குப் போட்டவளாக.
"பந்து நிஜமா எத்தனை?"
"மூணு."
நோட்டைப் புரட்டினாள்.
எங்கள் எண்ணுக்கு நேரே
காலையில் எழுதியது இருந்தது:
பந்து 5. நம்பலாம்.

ஐந்தை அடித்து மூன்று என்று எழுதினாள்.
அடுத்த சொல்லுக்கு மேல்
பேனா நின்றது.
சாயங்காலம் கடைசிச் சுற்றுக்குக்
கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும் எட்டுப் பள்ளிகளில்
தேவகோட்டையும் ஒன்று.

ஒலிபெருக்கி இருபத்தொன்றை அழைத்தது.
நான் ஓட வேண்டியிருந்தது.
பேனா என்ன செய்ததென்று பார்க்கவில்லை.